உசுப்பேத்துவதும் தைரியம் சொல்வதும்

அன்பு மகன் மணிக்கு அம்மா எழுதுவது. மஸ்கட்டில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க எல்லையம்மனை வேண்டிக்கொள்கிறேன். நாங்களும் அப்படியே என்று எழுதத்தான் கை வரவில்லை.

அன்று பக்கத்து வீட்டு போனில் கூப்பிட்டு, "இன்னாம்மா, தீபனை நான்தான் உசுப்பேத்தி உட்டேன்னு சொல்லிகினு கீறியாமே, தம்பிக்கு தைரியம்தானே சொன்னேன்" என்று கேட்டாய். பக்கத்து வீட்டார் முன்னால் அதைப் பேச முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். தைரியம் சொல்வது என்றால் எனக்குத் தெரியும்டா. முதல் தடவை கடலைப் பார்த்து நீ பயந்தபோது உன்னைப் படகில் ஏற்றிவிட்டு உன் நைனாவும் கூடவே ஏறினாரே, அதுதான் தைரியம் சொல்வது. தெருவில் பையன்கள் ஒரு நாயைப் பார்த்து சூ சூ என்று ஏவிவிட்டு, தாங்கள் மட்டும் மாடிப்படியில் ஏறி நின்றுகொள்வார்களே, அதற்குப் பெயர்தான் உசுப்பேத்துவது. நீ கம்பெனி ரூமில் படுத்துக்கொண்டு, "நம்ம படகு கட்ற எடத்துல ஃப்ரெடி கட்டிகினு கீறான், நீ பாத்துகினு கீறியா, ஆம்பளையாடா நீ" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாய். அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டான் உன் தம்பி. அப்புறம்தான் கட்டையைத் தூக்கிக்கொண்டு காசிமேட்டுக்குப் போனான்.

ஃப்ரெடிக்கு இடது கண் போய்விட்டது மணி. உங்கள் இரண்டு பேரோடும் உட்கார்ந்து என் கையால் சோறு தின்ற பிள்ளை. அவன் அம்மா ஜூடி மார்க்கெட்டில் என் பக்கத்திலேயே கூடை வைத்திருந்தவள், இப்போது என்னைக் கண்டால் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறாள். வாய்விட்டுத் திட்டினாலாவது தேவலை. நைனா கடலுக்குப் போவதில்லை. அடித்துக்கொண்ட அந்த இடம் காலியாகக் கிடக்கிறது, இரண்டு வீட்டுப் படகும் அங்கே வருவதில்லை. இனி எதுவும் சரியாகும் என்ற நம்பிக்கை எனக்கு விட்டுப்போய்விட்டது.

வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தலைக்குத் துணி கட்டிக்கொள். பெற்ற வயிறு உன்னைச் சபிக்குமா, எங்கே இருந்தாலும் நன்றாக இரு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. தீபனுடைய போனைப் போலீஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டதால் உன் குரலைக் கேட்க அவனுக்கு வழியில்லை. நேற்று மனுப் போட்டு ஜெயிலில் அவனைப் பார்த்தேன். சாப்பிட்டாயா என்றுகூட என்னைக் கேட்கவில்லை. "அண்ணன் இன்னா சொல்ச்சும்மா, கரீட்டா பண்ணேன்னு சொல்ச்சா?" என்றுதான் கேட்டான். அதற்கான பதிலை அவனுக்கு நீயே எழுது.

இப்படிக்கு,
உங்கள் இருவரையும் பெற்ற
கோவிந்தம்மா