ஆதிராவின் வாசிப்பு வகுப்பு

2025 நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை, இரவு 10.40
குறிப்பு 212

மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி ஆதிராவுக்குக் கிடைத்துவந்த வாசிப்பு உதவி வகுப்பு, தை மாதம் முதல் நடைபெறாது. பணம் போதாதென்று பாடசாலை அறிவித்துவிட்டது.

நேற்று அவள் எனக்குக் கதை வாசித்துக் காட்டும்போது இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டாள். கதையோ தடங்கலின்றித் தொடர்ந்தது. அவள் வாசிக்கவில்லை, மனப்பாடமாக ஒப்புவிக்கிறாள். அந்தத் தெளிவான குரல் இப்போதும் என்னை உறங்கவிடவில்லை. ஆதிராவின் தாய் அதை வாசிப்பென்று நம்பிப் பெருமைப்படுகிறாள். அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

இன்று மாலை எங்கள் வட்டாரக் கல்விச் சபை உறுப்பினர் ரஞ்சனியைத் தொலைபேசியில் அழைத்தேன். தேர்தலில் அவருக்காக எங்கள் மோர்னிங்சைட் பகுதி முழுவதும் வாக்குக் கேட்டு வீடுவீடாகப் படியேறியவன் நான்.

"அங்கிள், சபையை மாகாண அரசாங்கம் பொறுப்பெடுத்திட்டுது. எனக்கு இப்ப கூட்டமும் இல்லை, வோட்டும் இல்லை."

"அப்ப ஆரோடை கதைக்கிறது, பிள்ளை?"

"மேற்பார்வையாளர் எண்டு ஒருத்தரைப் போட்டிருக்கினம். நானே மூண்டு ஈமெயில் போட்டிட்டன், ஒரு பதிலும் இல்லை. உங்களுக்குப் பதில் வந்தால் எனக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ."

அவர் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. நாங்கள் தெரிவுசெய்தவருக்கே பதில் சொல்லாத ஒருவர், என் கடிதத்தைப் பிரிப்பாரா?

ஆயினும் அந்த மேற்பார்வையாளருக்கு எழுதி முடித்துவிட்டேன். இணைப்புகள்: ஆதிராவின் முன்னேற்ற அறிக்கையின் பிரதி, அவ்வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் இட்ட கையொப்பங்கள், அவர் பதில் அனுப்புவதற்கு என் முகவரி எழுதி முத்திரை ஒட்டிய கடிதவுறை ஒன்று.