நான் விலாசம் எழுதிய உறை

போன சனிக்கிழமை உன் மகள் உன் பழைய ஃபைலை எங்கள் வீட்டு மேசையில் கொட்டித் தன் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து ஒரு நீளமான பழுப்பு உறை சறுக்கி என் பக்கம் வந்தது. ஒட்டியபடி இருந்தது. முத்திரைகள் இருந்தன, தபால் கந்தோரின் அச்சு விழவில்லை. பரீட்சை ஆணையாளர், கொழும்பு என்று இங்கிலீஷில் விலாசம். அந்த வளைந்த எழுத்துகள் என்னுடையவை.

இருபத்தேழு வருஷமாக நீ அதை வைத்திருப்பாய் என்று நான் நினைக்கவில்லை. எப்போதோ கிழித்துப் போட்டிருப்பாய் என்று நம்பியிருந்தேன். அப்படி நம்புவது எனக்குச் சுகமாகவும் இருந்தது.

"இது என்ன அன்ரி? அம்மாட எழுத்தில்லையே" என்றாள். தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று சொல்லிக் குசினிக்குள் போய் நின்றுவிட்டேன். ஆஸ்பத்திரியில் என் குரலைக் கேட்டால் பயிற்சி டொக்டர்மார் நேராக நிற்பார்கள். அப்படிப்பட்ட நான் இருபது வயதுப் பிள்ளை ஒருத்திக்குப் பயந்து பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்றேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும். நாங்கள் உயர்தரப் பரீட்சையை இரண்டாம் தரம் எழுதி முடிவு வந்த வருஷம். பல்கலைக்கழகத்துக்கு எடுக்க அப்போது இசட் புள்ளி கிடையாது, நான்கு பாடத்தின் மொத்தப் புள்ளிதான். உனக்கு என்னைவிட நான்கு புள்ளி கூட. இருவருக்கும் மருத்துவ பீடம் தவறியது. இனி மூன்றாம் தரம் ஒன்றுதான் மிச்சம், அதற்குமேல் விடமாட்டார்கள். எங்கள் மாவட்டத்துக்கு ஒதுக்குகிற இடங்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. கண்டியில் எழுதுகிறவள் எனக்குப் போட்டியில்லை, யாழ்ப்பாணத்தில் எழுதுகிறவளும் இல்லை. சல்லிக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி, ஆமிச் சென்ரியில் பையைத் திறந்து காட்டிவிட்டு வந்து, ரியூசனில் என் பக்கத்துக் கதிரையில் இருந்து, என் சாப்பாட்டுப் பெட்டியில் கைவைக்கிற நீதான் போட்டி. இதை நாங்கள் ஒருநாளும் வாய்விட்டுப் பேசியதில்லை. நான் மட்டும் மனதுக்குள் தினமும் பேசினேன்.

அதற்கிடையில் உனக்குத் தாதியர் பயிற்சிக்குக் கடிதம் வந்தது. போவதென்றால் சோதனை எழுத முடியாது. ஆனாலும் நீ மூன்றாம் தரத்துக்கு ஆயத்தமாகத்தான் இருந்தாய். பத்திரிகையில் வந்த மாதிரியைப் பார்த்து, நீளத் தாளில் அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, எனக்கும் சேர்த்து இரண்டு விண்ணப்பம் நீதான் தயாரித்தாய். உன் கோடு நேராக இருக்கும். "உன்ர இங்கிலீஷ் எழுத்துத்தான் வடிவு" என்று சொல்லி இரண்டு உறையிலும் என்னை விலாசம் எழுத வைத்தாய்.

தபால் கந்தோருக்குப் போகிற வழியில், துறைமுகம் தெரிகிற அந்தக் கூல்பாரில் ஒரு ஐஸ்கிரீமை வாங்கி இருவரும் சாப்பிட்டோம். அங்கேதான் கேட்டாய்.

"நேர்சிங்கை விடட்டோ? அம்மா போ போ எண்டு நிக்கிறா. ஆனா எனக்கு இந்த முறை சரிவரும் போலதான் கிடக்கு. நீ என்ன சொல்லுறாய்?"

"உங்கட வீட்டு நிலைமையில மூண்டாம் தரமும் பிழைச்சா என்ன செய்வாய்? கையில வந்ததை விடாத."

நல்ல புத்திமதிதான். யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அதனாலேயே அது எனக்கு வசதியாக இருந்தது. நான் உன் வீட்டை நினைத்துச் சொல்லவில்லை. உனக்கு இந்த முறை சரிவரும் என்று எனக்கும் தெரிந்திருந்தது. நீ எழுதாவிட்டால் வரிசையில் ஒருத்தி குறைவாள் என்ற கணக்கு மட்டும்தான் அப்போது என் தலைக்குள் ஓடியது. இதை எழுதும்போதே கை கூசுகிறது. எழுதத்தான் வேண்டும்.

"நீ சொன்னாச் சரி" என்று உன் உறையைப் பைக்குள் வைத்தாய். அதோடு விட்டாயா? தபால் கந்தோரில் வரிசை நீளம் என்று என் உறையை வாங்கிக்கொண்டு நீயே போய் நின்றாய். பதிவுத் தபாலில் போட்டு, துண்டைக் கொண்டுவந்து என் கையில் தந்தாய். பயிற்சிக்குப் போன கிழமை உன் பௌதிகவியல் கொப்பிகள் மூன்றையும், "எனக்கினி என்னத்துக்கு" என்று தந்துவிட்டுப் போனாய். கடைசியில் என்னைத் தூக்கிவிட்டதும் பௌதிகவியல்தான்.

மருத்துவ பீடத்துக்கான வெட்டுப்புள்ளி பத்திரிகையில் வந்த காலை, திருகோணமலைக்கு நேரே போட்டிருந்தது என் புள்ளியேதான். ஒன்று கூட இல்லை, ஒன்று குறையவும் இல்லை. எங்கள் மாவட்டத்திலிருந்து கடைசியாக உள்ளே போனவள் நான். நீ எழுதி என்னை முந்தியிருந்தால் அந்த இடம் எனக்கு இல்லை. வீட்டில் பொங்கல் பொங்கினார்கள். அயலில் எல்லாரும் வந்து வாழ்த்தினார்கள். நான் அந்தத் தாளை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு, உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்து, எழுதாமல் எழும்பினேன்.

பிறகு நாம் ஒரே ஆஸ்பத்திரியில் வந்து சேர்ந்தோம். நோயாளிகளுக்கு முன்னால் நீ என்னை டொக்டர் என்று கூப்பிடுவாய். ஒவ்வொரு முறையும் எனக்குக் காது சுடும். சாப்பாட்டு அறைக்குள் வந்ததும் "எடி, இண்டைக்கு என்ன கறி?" என்று பெட்டியைத் திறப்பாய். ஒருநாள் நான் எழுதிய மருந்தின் அளவைப் பார்த்துவிட்டு, "டொக்டர், இதை ஒருக்காப் பாருங்கோ" என்று மெதுவாக அட்டையை நீட்டினாய். தசமப் புள்ளியை ஓர் இடம் தள்ளிப் போட்டிருந்தேன். நான் திருத்தி முடிக்கும்வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாய். யாருக்கும் சொல்லவில்லை. எனக்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போன வருஷம் நாங்கள் வேலைசெய்த அதே வார்டில் நீ நோயாகப் படுத்திருந்தபோது சொல்லிவிட நினைத்தேன். கதிரையை இழுத்துப் போட்டு உன் அருகில் இருந்தேன். நீ முந்திக்கொண்டாய். "மகள் படிப்பு விஷயம் ஏதும் கேட்டா நீ சொல்லு. உனக்குத்தான் அது விளங்கும்" என்றாய். ஓம் என்றேன். எல்லாம் தெரிந்துகொண்டுதான் சொன்னாயோ, வெள்ளை மனதோடு சொன்னாயோ, எனக்குத் தெரியாது. அன்றைக்கும் கேட்கத் துணியவில்லை. பதினொரு நாளில் நீ போய்விட்டாய்.

நீ சொன்ன அந்தப் படிப்பு விஷயத்தோடுதான் உன் மகள் சனிக்கிழமை வந்தாள். இரண்டாம் தரத்திலும் மருத்துவ பீடம் மயிரிழையில் தவறும் போலிருக்கிறது. சித்த மருத்துவம் கிடைக்கலாம். ஆனால் அதற்குப் பதிந்துவிட்டால் பிறகு திருப்பி எழுதினாலும் மருத்துவ பீடத்துக்கு எடுக்கமாட்டார்கள். "திருப்பி எழுதட்டோ அன்ரி? உங்களைக் கேக்கச் சொல்லி அம்மா சொன்னவ" என்றாள்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லவேண்டும். என் மகன் இந்த முறை முதல் தரம் எழுதுகிறான். அவனும் உயிரியல். அதே மாவட்டம், அதே விரல்விட்டு எண்ணும் இடங்கள். குசினிக்குள் நின்றபோது என் நாக்கு நுனியில் வந்து நின்றது என்ன தெரியுமா? கையில வந்ததை விடாதேங்கோ பிள்ளை. அதே வசனம்தான். இத்தனை வருஷம் நான் வெட்கப்பட்டுக்கொண்டிருந்ததாக நினைத்ததெல்லாம் பொய்யா என்று என்மேலேயே அருவருப்பு வந்தது.

தண்ணீரோடு வந்து அவள் முன்னால் இருந்தேன். கூல்பாரிலிருந்து வெட்டுப்புள்ளிவரை எல்லாம் சொன்னேன். என் மகனைப் பற்றியும், சற்றுமுன் என் வாயில் வந்ததைப் பற்றியும் சொன்னேன். சொல்லி முடித்தால் பாரம் குறையும் என்பார்கள். எனக்குக் குறையவில்லை.

அவள் அழவில்லை, கோபிக்கவும் இல்லை. பேனாக்கத்தியால் உறையின் ஓரத்தை மெல்லக் கீறி, உன் விண்ணப்பத்தை எடுத்து விரித்து, ஒவ்வொரு வரியாக வாசித்தாள். உன் நேரான கோடுகள் அப்படியே இருந்தன. கிராம சேவகரின் கையொப்பம் இருந்தது. கட்டணப் பற்றுச்சீட்டும் ஒட்டியிருந்தது. நீ அன்று என்னிடம் கேட்க வருவதற்கு முன்பே எழுதுவதென்று முடிவெடுத்திருந்தாய் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஓம் என்று நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும்.

"எழுதலாமோ எண்டு கேட்டன். அதுக்கு நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை" என்றாள்.

"எழுதுங்கோ பிள்ளை. இதைத்தான் நான் அண்டைக்கு அம்மாவுக்குச் சொல்லியிருக்கவேணும்."

"நான் எழுதத்தான் போறன் அன்ரி." தன் பையிலிருந்து அச்சடித்த விண்ணப்பம் ஒன்றை எடுத்து வைத்தாள். எல்லாம் நிரப்பியிருந்தது. "இதில அத்தாட்சிக்கு உங்கட கையெழுத்தும் சீலும் வேணும். அதுக்குத்தான் வந்தனான்."

கையெழுத்துப் போட்டேன். மருத்துவ அதிகாரி என்ற சீலை அதற்குக் கீழே குத்தினேன். மை காயும்வரை அவள் ஊதிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் என் மகன் ரியூசன் முடிந்து வந்தான். நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது. "அக்கா, உங்கட பௌதிகவியல் நோட்ஸ் ஒருக்காத் தாறீங்களோ?" என்று கேட்டான்.

உன் மகள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்துச் சிரித்தாள். "இப்ப ஏலாது தம்பி. சோதினை முடியத் தாறன்" என்றாள்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என் சொந்தப் பிள்ளைக்கு ஒருத்தி இல்லை என்று சொல்லக் கேட்டு நான் சந்தோசப்பட்டது அதுதான் முதல் தடவை.

வாசல் படலைவரை கூடப் போனேன். சைக்கிளில் ஏறுமுன் உன் விண்ணப்பத்தைத் தன் விண்ணப்பத்தோடு ஃபைலுக்குள் பத்திரமாக வைத்தாள். வெறும் உறையை என்னிடம் நீட்டினாள்.

"இதை நீங்களே வச்சிருங்கோ அன்ரி. உங்கட எழுத்துத்தானே."

வாங்கிக்கொண்டேன். அவள் பாலையூற்றுச் சந்தியால் திரும்பி மறையும்வரை நின்றேன். உறை இப்போது நான் வார்டுக்குக் கொண்டுபோகிற பையில் இருக்கிறது. இன்று காலை புதிதாக வந்த ஒரு தாதி என்னை டொக்டர் என்று கூப்பிட்டாள். உடனே திரும்ப முடியவில்லை. பைக்குள் கைவிட்டு, உறை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன்.