ஒன்பது கோழிகளும் என் முதுகும்

மார்ச் 4, செவ்வாய்

முட்டை நாலு. நேற்றும் நாலுதான். ஒன்பது கோழிகளுக்கு இது குறைவு. வெயில் என்று விட்டுவிட்டேன்.

மேனேஜரின் கொண்டை கொஞ்சம் வெளுத்த மாதிரி தெரிகிறது. மற்றவை தீவனத் தட்டுக்கு வந்தால் கொத்தி விரட்டுகிற கோழி அது. அதனால் தங்கை வைத்த பெயர். கோழிகள் எல்லாமே தங்கையுடையவைதான். மகளுக்குப் பிரசவம் என்று கடல் தாண்டிப் போனவள், "ஆறு மாசந்தான்க்கா, பாத்துக்கோ" என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். இன்றோடு ஏழு மாதமும் பத்து நாளும் ஆகிறது. பேத்தி குப்புற விழுகிறாளாம்.

மாலையில் வழக்கம்போல அரை மணி நேரம் கூண்டுப் பலகையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தேன். பேச்சுத் துணைக்கு ஆளில்லாத வீட்டில் அந்தக் கொக்கரிப்பாவது காதில் விழட்டும்.

முதுகில் வேர்க்குரு. பவுடர் போட்டேன், கை எட்டின வரைக்கும்.

மார்ச் 7, வெள்ளி

முட்டை மூன்று. மேனேஜர் மட்டுமில்லை, இன்னும் மூன்று கோழிகளுக்குக் கொண்டை வெளுத்திருக்கிறது. தீனி தின்கின்றன, ஆனால் வேண்டாவெறுப்பாக. எச்சத்தைக் குச்சியால் கிளறிப் பார்த்தேன். ரத்தம் இல்லை. சளி, இருமல் எதுவும் இல்லை.

குடற்புழு. சந்தேகமே வேண்டாம். மருத்துவமனையின் மருந்துச் சாளரத்தில் முப்பத்தொரு வருஷம் நின்றவள் நான். ரத்தச்சோகை, சோர்வு என்று சீட்டு வந்தால் பக்கத்திலேயே பூச்சி மருந்தும் எழுதியிருக்கும். ஒவ்வொரு கோழியாகச் சமையலறைத் தராசில் உட்கார வைத்து எடை பார்த்து, அளவு பிசகாமல் கொடுத்தேன். மேனேஜர் தராசின் மேலேயே எச்சமிட்டது. அதன் எடையைக் கழித்துவிட்டுத்தான் மருந்தை அளந்தேன். பழக்கம் விடுமா?

மார்ச் 9, ஞாயிறு

தங்கை வீடியோவில் வந்தாள். வந்ததும் "கோழியெல்லாம் எப்படிக்கா இருக்கு? காட்டு" என்றாள். கொண்டை இன்னும் சிவப்பாக இருக்கிற வாத்தியாரம்மா கோழியை மட்டும் தூக்கி, எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பிக் காட்டினேன்.

"மத்ததெல்லாம் எங்க?"

"மேயுது."

வாய் கொஞ்சமும் கூசவில்லை.

ஏன் மறைக்கிறேன்? இங்கேகூட உண்மையை எழுதாவிட்டால் பிறகு எங்கே எழுதுவது. ஒவ்வொரு ஞாயிறும் அவள் கேட்கிற முதல் கேள்வி கோழிதான். அவள் இந்த வீட்டில் விட்டுப்போனதில் உயிருள்ளவை அவைதான், என்னைத் தவிர. அவை இருக்கிறவரை அவள் திரும்பி வர ஒரு சாக்கு இருக்கும். எனக்காக மட்டும் வருவாள் என்று நம்புகிற தைரியம் எனக்கு இல்லை.

மார்ச் 12, புதன்

பூச்சி மருந்து கொடுத்து ஐந்து நாள் ஆகிறது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும் எச்சத்தில் ஒரு புழுகூட இல்லை.

இப்போது புதிதாக ஒரு அடம். பொழுது சாய்ந்தால் தானாக உள்ளே போகிறவை, இரண்டு நாளாகக் கூண்டு வாசலிலேயே நின்றுகொண்டு நகர மறுக்கின்றன. மேனேஜர் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் ஏறிக்கொண்டது. ஒவ்வொன்றாகப் பிடித்து உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன். "அவ இருந்தா இப்படி ஆடுவீங்களா? நான்னா இளக்காரமா?" என்று சத்தம் போட்டேன். பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று திறந்து மூடிக்கொண்டது. கோழியோடு சண்டை போடுகிற கிழவி என்ற பட்டமும் கிடைத்தாயிற்று.

மார்ச் 13, வியாழன்

முட்டை ஒன்று.

மார்ச் 16, ஞாயிறு

சின்னது செத்துப்போச்சு.

ஒன்பதுலயும் குட்டிக் கோழி, பதினோரு நாளா அடையில உட்கார்ந்திருந்தது. காலையில தண்ணி வைக்கப் போனேன் — முட்டைங்க மேலேயே, தலை மட்டும் சாஞ்சு. கையில தூக்கினா எடையே இல்ல. அடியில ஆறு முட்டையும் இன்னும் இளஞ்சூடா இருந்துச்சு. அதைப் பார்த்ததும் கையும் ஓடல, காலும் ஓடல. கையில வச்சுக்கிட்டே எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல. யார்கிட்ட சொல்றது? யார் இருக்கா?

பின்சுவர் ஓரமாகப் புதைத்தேன். முட்டைகளையும் சேர்த்து.

சாயங்காலம் தங்கையின் அழைப்பு. அவள் சரியாக அதையே கேட்டாள். "சின்னது எங்கக்கா, காணோம்?"

"அடையில உட்கார்ந்திருக்கு. கிட்ட போனா கொத்துது."

மார்ச் 18, செவ்வாய்

பூச்சி மருந்து பலிக்கவில்லை. இரும்புச்சத்து டானிக்கைத் தண்ணீரில் கலந்து வைத்தேன். தீவனம் மாற்றினேன். ஒரு சீட்டில் குணமாகாவிட்டால் அடுத்த சீட்டு, அவ்வளவுதானே எனக்குத் தெரிந்த வைத்தியம். நோயாளியின் முகத்தைப் பார்த்து மருந்து கொடுத்தவளா நான்? சாளரத்துக்குள் நீளும் கையையும் கையிலிருக்கும் காகிதத்தையும் மட்டுமே பார்த்தவள்.

எனக்கும் வேர்க்குரு அடங்கவில்லை. கரண்டிக் காம்பில் பஞ்சைச் சுற்றி, லோஷனில் முக்கி முதுகில் தடவினேன். தோள்பட்டைக்கு நடுவே ஒரு இடம் எதற்கும் எட்டவில்லை. அங்கேதான் அரிப்பும் அதிகம்.

மார்ச் 21, வெள்ளி

மேனேஜர் இன்று எழுந்திருக்கவே இல்லை. அட்டைப்பெட்டியில் வைத்துக் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் பெட்டியைப் பார்த்து, "கேக்காம்மா?" என்றார். சிரிக்க முடியவில்லை.

டாக்டரம்மாவுக்கு முப்பது வயது இருக்கும். குறி, கொடுத்த மருந்து, அளவு, தேதி என்று எல்லாவற்றையும் அச்சடித்த மாதிரி ஒப்பித்தேன். அவள் பாராட்டவில்லை. கோழியின் கண் இமையை இழுத்துப் பார்த்தாள். உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது.

"சாயங்காலம் கூண்டுக்குள்ள போக மாட்டேங்குதா?"

நான் அதைச் சொல்லவே இல்லை. அடம் என்று நினைத்தேனே தவிர அதை ஒரு குறியாக எடுத்துக்கொள்ளவில்லை.

"நீங்க எதுக்கும்மா வந்ததுலேருந்து நாற்காலியில முதுகைத் தேய்ச்சுக்கிட்டே இருக்கீங்க?"

"வேர்க்குரு."

"காட்டுங்க பாப்போம்."

"நீங்க கோழி டாக்டராச்சே" என்றேன். அவள் சிரிக்காமல் திரைச்சீலையை இழுத்துவிட்டாள். ரவிக்கையைத் தளர்த்தி முதுகைக் காட்டினேன். அவள் விரல் நுனியால் ஒவ்வொரு தடிப்பாகத் தொட்டுப் பார்த்தாள்.

"வேர்க்குரு இல்லம்மா. கடி. முதுகு பூரா இருக்கு. எத்தனை நாளா?"

"மூணு வாரம் இருக்கும்."

"மூணு வாரமா வீட்டுல யாரும் பாத்துச் சொல்லலயா?"

அவள் வேண்டுமென்று கேட்கவில்லை. ரவிக்கைக் கொக்கியை மாட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டேன். மூக்குக் கண்ணாடி முழுக்க நீர்.

செள்ளுப் பூச்சி. மணல் அளவுகூட இருக்காது. பகலெல்லாம் கட்டையின் இடுக்கில் ஒளிந்திருந்து, இருட்டியதும் வந்து கோழியின் ரத்தத்தைக் குடிக்குமாம். அடைக்கோழி முட்டையை விட்டு எழுந்து ஓடாது, அதனால் அதுதான் முதலில் போகும் என்றாள். "கோழிக்கு மட்டும் மருந்து போட்டா பத்தாது. வியாதி இருக்கிறது கூண்டுல. அதுல நீங்க போய்ச் சாஞ்சுக்கிட்டு உட்காருறீங்க."

என் முதுகு ஒரு சீட்டு, கோழிகள் ஒரு சீட்டு. ஒருவர் சீட்டை இன்னொருவர் சீட்டோடு கலக்கக் கூடாது என்பதுதான் சாளரத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். முப்பத்தொரு வருஷம் ஒருநாளும் கலக்காத கை இது.

அதே நாள், மாலை

அவள் சொன்னபடி, கோழிகள் உட்காரும் கட்டைக்கு அடியில் வெள்ளைக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு இடுக்கைக் கத்தியால் சுரண்டினேன். சாம்பல் தூள் மாதிரிக் கொட்டியது. பார்த்துக்கொண்டே இருந்தேன். தூள் நடக்க ஆரம்பித்தது.

கட்டை விரலால் அழுத்தினேன். காகிதம் சிவந்தது. என் கோழிகளின் ரத்தம். கொஞ்சம் என்னுடையதும் இருக்கும்.

அதுங்க உள்ள போகமாட்டேன்னு சொல்லுச்சு. ஒவ்வொரு சாயங்காலமும் சொல்லுச்சு. பிடிச்சுத் தள்ளிக் கதவைச் சாத்தினது நான்தான். சின்னது தப்பிச்சு ஓடியிருக்கலாம், கதவு திறந்திருந்தா... இல்ல, அது ஓடியிருக்காது. அதுவும் தெரியும்.

மார்ச் 22, சனி

எட்டும் குளியலறையில் இருக்கின்றன. நான் குளிக்கவில்லை, அவைதான் வாடகைக்கு இருக்கின்றன.

ஒவ்வொன்றின் பிடரியிலும் இறகை விலக்கி, தோலின் மேல் சொட்டு மருந்து விட்டேன். மேனேஜர் என்னைக் கொத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கூண்டை ஆணி ஆணியாகப் பிரித்தேன். கட்டைகளையும் வைக்கோலையும் எரித்தேன். பலகைகளை இடுக்கு விடாமல் கொதிநீர் ஊற்றிக் கழுவி, மருந்து தெளித்து வெயிலில் போட்டேன். உடுத்தியிருந்த துணியையும் வெந்நீரில் முக்கினேன். அறுபத்தொரு வயதில் ஒற்றை ஆளாகச் செய்கிற வேலையா இது? இடுப்பு என் பேச்சைக் கேட்கவில்லை. ஒரு பலகையின் அந்த முனையைப் பிடிக்க ஆள் இருந்தால் போதும் என்று இருந்தது. ஒரே ஒரு முனை.

மார்ச் 23, ஞாயிறு

"நல்லா இருக்கு" என்றேன். தங்கை கோழியைக் காட்டச் சொன்னபோது சிக்னல் சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 29, சனி

இரண்டாவது தவணை. மருந்துக்குத் தப்பிய செள்ளு முட்டைகள் இந்த வாரம் பொரிந்திருக்கும், அதற்காக. மறுபடி அடித்து நிறுத்திய கூண்டின் புதுக் கட்டையில் காகிதம் பிடித்துச் சுரண்டினேன். வெறும் மரத்தூள். அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், நடக்கவில்லை.

மேனேஜர் நின்றுகொண்டு தின்றது.

ஏப்ரல் 3, வியாழன்

இரண்டு கண்ணாடிகளை எதிரெதிரே வைத்து முதுகைப் பார்த்தேன். புதிய தடிப்பு இல்லை. என் முதுகை நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அம்மாவின் முதுகு மாதிரியே இருக்கிறது.

ஏப்ரல் 8, செவ்வாய்

பொழுது சாய்ந்தபோது கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டேன். வாத்தியாரம்மா எட்டிப் பார்த்தது. பிறகு உள்ளே போயிற்று. அதன் பின்னால் ஒவ்வொன்றாக மற்ற ஏழும் போயின. யாரும் தள்ளவில்லை. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இப்போது எட்டுக்கும் கொண்டை சிவந்துவிட்டது, இனி சொன்னால் அதிகம் பதற மாட்டாள் என்று கணக்குப் போட்டிருந்தேன். சின்னது செத்ததைச் சொன்னேன். நான் உள்ளே தள்ளியதைச் சொன்னேன். முதுகைப் பற்றியும் சொன்னேன்.

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

"நீ வருத்தப்படுவேன்னு" என்று ஆரம்பித்தேன். அதுவும் பொய் என்று எனக்கே சலித்துவிட்டது. "கோழி இல்லன்னா நீ வரமாட்டேன்னு பயந்தேன்" என்றேன்.

அவள் முகம் திரையில் அப்படியே நின்றது. சிக்னல் போய்விட்டதோ என்று நினைத்தேன். போகவில்லை.

"அக்கா, நானும் உங்கிட்ட ஒண்ணு சொல்லல."

மகள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். குழந்தை இவளிடந்தான். நிரந்தரமாக அங்கேயே இருப்பதற்கான காகிதங்கள் வந்து இரண்டு மாதம் ஆகிறது.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியலக்கா. ஒவ்வொரு வாரமும் சொல்லணும்னுதான் கூப்பிடுவேன். வாய் வராது. உடனே கோழியைப் பத்திக் கேட்டுடுவேன்."

பின்னால் குழந்தை அழுதது. "அதுங்கள யாருக்காவது குடுத்துடுக்கா. உனக்கு எதுக்குச் சிரமம்" என்றாள்.

"பாக்கலாம், நீ குழந்தையைப் பாரு" என்றேன்.

ஏப்ரல் 21, திங்கள்

முட்டை மூன்று. சாப்பிடலாம் என்று டாக்டரம்மா சொன்ன தேதி தாண்டிவிட்டது. இரண்டு அவித்தேன், கைப்பழக்கம். ஒன்றைத் தின்றேன்.

ஏப்ரல் 24, வியாழன்

ரெண்டு மாசம்! அவளுக்கு ரெண்டு மாசமா தெரியும். நான் இங்க தராசுல கோழியை நிறுத்திக்கிட்டு, காகிதத்துல சுரண்டிக்கிட்டு, இது பிழைச்சாத்தான் அவ வருவான்னு... யாருக்காகடி இவ்வளவும்?

திட்டித் தீர்த்துவிட்டு வெளியே போனால், மேனேஜர் புடவை நுனியைப் பிடித்து இழுக்கிறது. தீவன நேரம் தாண்டிவிட்டதாம். இதை யாருக்குக் கொடுப்பது? கொடுக்க மாட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

முட்டை ஆறு.

நாலு நாளாக விடாத மழை. வராந்தாவில் இருந்த தீவன மூட்டையின் அடி ஈரமாகிவிட்டது. பூசணம் பிடித்தால் அடுத்த வியாதி அதில்தான் ஆரம்பிக்கும். வீட்டில் ஓதம் ஏறாத அறை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. தங்கையின் கட்டிலில் அவள் வரவுக்காக விரித்துவைத்திருந்த புது விரிப்பை மடித்து அலமாரியில் வைத்தேன். கட்டிலைச் சுவரோரம் நகர்த்தினேன். மூட்டையை அங்கே கொண்டுபோய் வைத்தேன்.