நாலாக மடித்த சாரம்

2006 யூன் 12
இன்று என் பெயரைப் பிழையில்லாமல் முழுதாக எழுதினேன். வேலாப்போடி. 'போ'வுக்குக் கொம்பும் காலும் போடத்தான் நேரம் எடுத்தது. அறுபத்தெட்டு வயதில் பேனை பிடிக்கிறேன். சந்தோசத்தில் தேத்தண்ணி ஆறிவிட்டது.

எழுத்துக் காட்டித் தருவது சரீப். மூதூர்க்காரன். ஆய்வுகூடத்தில் என்னோடு டெங்குக் காய்ச்சல் பரப்பும் நுளம்பு வளர்ப்பவன். கிழமை நாட்களில் இங்கேயே படுப்பான், வெள்ளி பின்னேரம் லோஞ்சுப் படகில் விரிகுடாவைக் கடந்து வீட்டுக்குப் போவான். "போடியார், ரெண்டு மாசத்தில நீங்க எனக்குக் கடிதம் போடுவீங்க, பாருங்க" என்றான்.

யூன் 20
ஆய்வுகூடப் பொறுப்பாளர் பாக்கியரத்தினம் சேர் விளங்கப்படுத்தினார். நுளம்புக்கு மட்டும் வருகிற மிகச் சின்ன வைரஸ் ஒன்று. அதன் உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு வேறு மரபணுவை வைத்திருக்கிறார். நுளம்புப் புழு அதைத் தண்ணீரோடு குடித்தால் மரபணு அதன் உடம்புக்குள் போகும். நீல விளக்கில் புழு பச்சையாக ஒளிர்ந்தால் போய்விட்டது என்று அர்த்தம். பிறகு டெங்கைக் காவிப் பரப்பாத நுளம்பையே உண்டாக்கலாமாம்.

"பெரிய மரபணு வைக்க ஏலாதோ சேர்?"

"ஏலாது ஐயா. ஆள் சின்னன். சின்ன மூட்டைதான் தூக்குவான்."

ஆறு தட்டில் வைரஸ், என் பொறுப்பு. ஒப்பிட்டுப் பார்க்க ஆறு தட்டில் வெறும் தண்ணீர், சரீப்பின் பொறுப்பு. வெறும் தட்டு ஒளிரக்கூடாது.

யூலை 9, ஞாயிறு
ஊரடங்கு. பைப்பில் ஒரு சொட்டும் இல்லை. ஆய்வுகூடத்தில் நான் மட்டும்தான். வெறும் தட்டுகள் வற்றிக் கிடந்தன. என் தட்டுகளில் தண்ணீர் மிச்சம் இருந்தது. இடுப்பில் கட்டும் சாரத்தை நாலாக மடித்து, அந்தத் தண்ணீரை வடித்து, வெறும் தட்டுகளுக்கு ஊற்றினேன். ஊரில், ஈச்சிலம்பற்றில், குளத்துத் தண்ணீரை இப்படித்தான் குடித்தோம். என் தட்டுப் புழு ஒன்றுகூடத் துணியைக் கடக்கவில்லை. சரீப்பின் புழு ஒன்றும் சாகவில்லை. என் மூளையை நானே மெச்சினேன்.

யூலை 21
நீல விளக்குப் போட்டோம். துறைமுக வாயிலின் பச்சை விளக்கைப் பொடியாக்கித் தூவியது போல என் தட்டுகள். நான் கை தட்டினேன். பிறகு வெறும் தட்டு. அதுவும் பச்சை.

சேர் கதிரையில் இருந்துவிட்டார். "சரீப், ஒரே அகப்பையை ரெண்டுக்கும் போட்டனீரோ?"

"அல்லா அறிய இல்ல சேர். என்ட அகப்பை வேற."

"அப்ப தானாப் பறந்து வந்ததோ?"

துணியில் வடித்தேனே. வடித்ததில் என்ன இருக்கும்?

யூலை 24
சேரிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். "நூறு துணியை அடுக்கினாலும் வைரஸ் போகும் ஐயா" என்றார்.

நான்தான்.

யூலை 26
சரீப்பை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பையைத் தூக்கிக்கொண்டு, "எழுத்தை விட்டிராதீங்க போடியார்" என்றான். உண்மையைச் சொல்லாமல், வாசல் கதவைத் திறந்துவிட்டேன். இந்த வேலை போனால் எங்க போவன்? அவன் மட்டும் எங்க போவான்?

யூலை 31
வாயால் சொல்ல வரவில்லை. இந்தக் குறிப்புக் கொப்பியில் யூலை ஒன்பதாம் தேதிப் பக்கத்தைத் திறந்து சேரின் மேசையில் வைத்தேன். நெடுநேரம் வாசித்தார்.

"இதை ஏன் ஐயா அண்டைக்கே சொல்லேல்ல?"

கொப்பியை மூடி என்னிடம் தந்தார்.

"அவனை வரச் சொல்லி நீங்களே எழுதுங்கோ."

மூன்று வரி. எழுதி எழுதிக் கிழித்து, ஒரு பின்னேரம் முழுக்க எடுத்தது. என் முதல் கடிதம். நாளைக்கு லோஞ்சில் கொடுத்துவிட வேண்டும்.

ஓகஸ்ட் 1
துறைமுகத்தில் வெடிச்சத்தம். லோஞ்ச் விடவில்லை. கடிதம் சட்டைப் பையில்.

ஓகஸ்ட் 2, புதன்
மூதூரில் சண்டை. விரிகுடாவுக்கு அப்பால் புகை.

ஓகஸ்ட் 23
எனக்குக் கடிதம். கந்தளாய் அகதி முகாமிலிருந்து சரீப்பின் மனைவி சித்தி பரீதா. ஒருவரிடமும் கொடுக்காமல், விரல் வைத்து நானே வாசித்தேன்.

புதன் காலை ஷெல் விழுந்ததாம். சரீப் வீட்டில்தான் இருந்தானாம். மூதூரிலேயே அடக்கம் செய்தார்களாம்.

புதன்கிழமைகளில் அவன் இங்கேயல்லவா இருப்பான்.

கடைசியில் எழுதியிருந்தாள்: "நீங்கள் இப்ப வாசிப்பீங்க என்று இவர் எல்லாரிட்டயும் சொல்லித் திரிஞ்சவர். அதுதான் பெரிய எழுத்தா எழுதினனான்."

ஓகஸ்ட் 25
யூலை ஒன்பதாம் தேதி எழுதியதைப் பார்த்து, ஒரு சொல்லும் விடாமல் எழுதினேன். அடியில், பிழை சரீப்புடையது அல்ல, என்னுடையது என்று ஒரு வரி சேர்த்தேன். உறையில் வைத்து, கந்தளாய் முகவரி போட்டு, தபாலில் சேர்த்தேன். பெரிய எழுத்தாகத்தான் எழுதினேன்.