சேர்க்காத சர்க்கரை

அன்புள்ளவருக்கு,

இங்கே நானும் மகளும் நலம். போன கடிதத்தில் இருமல் என்று எழுதியிருந்தீர்கள். கம்பளிச் சட்டையைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்காமல் எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

நல்ல செய்தி: அத்திப்பழம் நேற்று சுங்கத்திலிருந்து வெளியே வந்தது. நாற்பது பெட்டியும் சேதமில்லை. நீங்கள் அங்கிருந்து சொந்தமாக அனுப்பிய முதல் சரக்கு இது; இதில் விழுந்தால் எழ முடியாது என்று தெரியும். பதினோரு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதை இப்போது சொல்லலாம்.

தாமதத்துக்குக் காரணம் நீங்கள்தான். சுங்கத்துக்குப் படிவம் எழுதுவது எனக்குப் பத்தொன்பது வருஷ வேலை. ‘உலர்ந்த அத்திப்பழம், சர்க்கரை சேர்க்காதது’ என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். சர்க்கரை சேர்த்தால் வேறு வகை, வரி இரண்டு மடங்கு என்று உங்களிடமும் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அதிகாரி முதலில் இழுத்த பெட்டியின் மூடியில், உங்கள் கோழிக் கிறுக்கலில், கொட்டை எழுத்தில் ‘சர்க்கரை’!

“என்னம்மா, நீங்க இல்லைங்கறீங்க, பெட்டி இருக்குங்குதே” என்றார். பழத்தின் மேல் வெள்ளைப் பொடி வேறு. கூட வந்திருந்த எங்கள் அலுவலக முதலாளி என்னை முறைக்கிறார். வேறு வழியில்லாமல், “சார், அது நான்தான். என் வீட்டுக்காரர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்” என்று சொல்லிவிட்டேன். ‘கூப்பிடுவார்’ என்னும்போது நாக்கு தடுக்கியது. நீங்கள் அப்படிக் கூப்பிட்டு மூன்று வருஷம் ஆகிறது. நாம் போட்ட அந்தச் சண்டைக்கும், நீங்கள் கிளம்பியதற்கும் முன்னால்.

அவர் சிரிக்கவில்லை. “சரி, ஆய்வகம் சொல்லட்டும்” என்று பழத்தை அனுப்பிவிட்டார். எனக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று மகள் வருஷா வருஷம் ரத்தம் கொடுக்க வைக்கிறாள். என் பேருக்கே பரிசோதனை நடந்தது இதுதான் முதல் தடவை. அலுவலகத்தில் தட்டச்சு அக்கா தினமும், “வாங்க சேர்க்காத சர்க்கரை, ரிசல்ட் வந்துச்சா?” என்று கேட்டு மானத்தை வாங்கினாள்.

முடிவு வந்தது. அந்த வெள்ளை, யாரும் தூவியது இல்லையாம். பழத்துக்குள்ளேயே இருந்ததுதான், காயக் காய வெளியே வந்ததாம். அந்தத் தாளில் ஒரு பிரதி எடுத்து என் புடவைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். எதற்கு என்று கேட்காதீர்கள்.

பேர் எழுதிய பெட்டி வீட்டில் இருக்கிறது. மகள் கேட்டும் ஒரு பழம் கொடுக்கவில்லை.

அடுத்த சரக்கில் பெட்டி மேல் ஓர் எழுத்தும் வேண்டாம். என்னைக் கூப்பிட வேண்டுமானால் வந்து வாசலில் நின்று கூப்பிடுங்கள், பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
சர்க்கரை