பதினான்கு அங்குலம் போதும்

அக்குறணை,
வெள்ளிக்கிழமை காலை.

அன்புள்ள ஜஹானாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இன்று சுபஹ் தொழுதுவிட்டு, கேத்தலை அடுப்பில் வைப்பதற்கு முன்பே கத்தரிக்கோலும் பிஸ்கட் பெட்டி அட்டையுமாக உட்கார்ந்துவிட்டேன். லெப்டொப் திரை அளவுக்கு அட்டை வெட்டினேன். இது இரண்டாவது தடவை. முதல் தடவை வெட்டியதைப் பற்றிய சிரிப்பே வீட்டில் இன்னும் அடங்கவில்லை.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பீர்கள். நீங்கள் பேசும்போது அந்த அறையில் இன்னும் ஐந்து பேர் படுத்திருக்கிறார்கள். நான் எதைச் சொன்னாலும் "ம், சரி, சரி" என்றே பதில் வருகிறது. பக்கத்து வீட்டு அஸீம் ஞாயிற்றுக்கிழமை கட்டாருக்குத் திரும்புகிறார். அவர் கையில் இதைத் தருகிறேன். லீவில் வருவதற்கு முன் லெப்டொப் வாங்கக் கடைக்குப் போகும்போது இது உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும்.

ஜஹானா நன்றாக இருக்கிறாள். பள்ளிச் சோதனைக்கு இன்னும் நாற்பது நாள்தான். கடைசியாக மூச்சிழுப்பு வந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. இன்ஹேலர் அலுமாரியில் சும்மா கிடக்கிறது. போன கிழமை ஆறு பெருகி முற்றம்வரை தண்ணீர் வந்தபோது அவள் புத்தகங்களைத் தூக்கினாள், நான் வேலை செய்யும் அவளுடைய பழைய லெப்டொப்பைத் தலையில் வைத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். "உம்மா, மத்தவங்க நகையத் தூக்குவாங்க" என்று கேலி செய்தாள்.

இனி அந்தச் சிரிப்புக் கதை. போன மாதம் கண்டி ஒபிஸில், எனக்கு வேலை தரும் பஸ்லினா என்னைக் கூப்பிட்டுப் பேசினாள் என்று மட்டும் சொன்னேன், என்ன பேசினாள் என்று சொல்லவில்லை. மருந்து விற்கும் பாமசிகளுக்கு அவர்கள் செய்யும் கம்பியூட்டர் புரோகிராமில் நான் வீட்டிலிருந்து துண்டு துண்டாக எழுதிக் கொடுப்பது போதாதாம். புதிதாக மூன்று பிள்ளைகளை வேலைக்குச் சேர்க்கிறார்களாம், நான் அவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். வாரத்தில் நான்கு நாள் ஒபிஸுக்கு, சொந்த லெப்டொப்போடு. "உங்கள கட்டாயப்படுத்த இல்ல றலியா. ஆனா வீட்ல இருந்துகொண்டு பிள்ளைகளுக்குப் பழக்க ஏலாது" என்றாள். அடுத்த மாதம் முதலாம் திகதி தொடங்க வேண்டும். நீங்கள் வந்து இறங்குவது மூன்றாம் திகதி.

அதைத்தான் சொல்ல முடியவில்லை. உங்களுக்குக் கிடைப்பதே இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முப்பது நாள் லீவு.

அன்றைக்கே வீட்டுக்கு வந்து, என் வாப்பாவின் துணிக்கடை டேப்பை எடுத்துப் பதினாறு அங்குலத்துக்கு ஒரு அட்டையும் பதினான்குக்கு ஒன்றும் வெட்டினேன். பெரியது தையல் மேசையை அடைத்துக்கொண்டது. சின்னது என் கைப்பைக்குள் போகவே இல்லை. கூடப்பிறந்த ஹுதைபா நானா வந்து தானும் அளந்து பார்த்துவிட்டு, "இத பஸ்ஸில கொண்டுபோனா ரெண்டு டிக்கட் எடுக்கணும்" என்றார். சரி, கொண்டுபோகிற சாமான் இல்லை இது, வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அது நிம்மதியாகவும் இருந்தது. போனில் உங்களிடம் பதினாறு அங்குலம் வாங்கச் சொன்னது அதற்குப் பிறகுதான். நீங்களும் சந்தோஷமாக, "பெரிசாவே எடுப்பம், கண்ணுக்கும் நல்லம், வீட்லதானே இரிக்கப் போறீங்க" என்றீர்கள்.

செவ்வாய்க்கிழமைதான் ஜஹானா அந்த அட்டைகளைக் கண்டாள். விழுந்து விழுந்து சிரித்தாள். "உம்மா, திரைய அகலத்துல அளக்கிறதில்ல. மூலையில இருந்து எதிர் மூலைக்கு. நீங்க என்ன, சட்டைக்குத் துணி எடுக்கவா போறீங்க?" கணக்கில் பட்டம் வாங்கியவள் நான். ஆனால் துணிக்கடை வீட்டில் பிறந்தவர்களுக்கு ஒரு சாமானுக்கு அளவு என்றால் அகலம்தான். நானாவும் நானும் யோசிக்கக்கூட இல்லை.

இன்று மூலைக்கு மூலை வெட்டிய பதினான்கு, பைக்குள் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. சாப்பாட்டுப் பெட்டிக்கும் இடம் மிச்சம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை நடந்து பார்த்தேன். கேத்தலை ஜஹானாதான் வைத்தாள்.

என் கண்ணைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். மறுநாள் புதன்கிழமையே கண்டியில் ஒரு லெப்டொப் கடைக்குப் போனேன். அங்கே வேலை செய்யும் மடுல்கெல்லப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, தர்ஷிகா என்று பெயர், நான் பென் டிரைவில் கொண்டுபோன புரோகிராமை ஒவ்வொன்றிலும் திறந்து காட்டினாள். "படம் பாக்குறவங்க அகலத்தப் பாப்பாங்க மிஸ். நீங்க எழுதுறவங்க, உயரத்தப் பாருங்க" என்றாள். பழைய லெப்டொப் பதினைந்தரைக்கு மேல், ஆனாலும் முப்பது வரிதான் தெரிகிறது. புதுப் பதினான்கு கொஞ்சம் உயரம் கூடிய வடிவம், நாற்பது வரிக்கு மேல் தெரிந்தது. நீங்கள் என் வாப்பாவின் கடையில் வேலைக்கு நின்றவர், இப்படிச் சொன்னால் விளங்கும்: பழையது அகலமான துணி, நூல் ஐதாக ஓடியது. இது அகலம் குறைவு, நெசவு நெருக்கம். எழுத்து சிறிதுதான், ஆனால் கரை உடையாமல் நிற்கிறது. கண்ணாடியோடு அரை மணி நேரம் வாசித்தேன், தலை வலிக்கவில்லை. 4கே என்ற ஒன்றையும் காட்டினாள். அதில் எழுத்து எறும்பு போல. பெரிதாக்கினால் மற்றதில் தெரிந்த அளவு வரிதான் தெரிந்தது, சார்ஜும் சீக்கிரம் இறங்குமாம். அது வேண்டாம்.

கடைசியாகத் தர்ஷிகா, "வீட்டுல வச்சுக்கவா மிஸ், கொண்டு போகவா?" என்று கேட்டாள். சாதாரணக் கேள்வி. பென் டிரைவைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

பதினேழு வருடத்துக்கு முன், ஜஹானா இழுப்போடு பிறந்தபோது, கிடைத்த வேலையை நானாகத்தான் விட்டேன். நீங்கள் தடுக்கவில்லை. யாருமே தடுக்கவில்லை. கோபித்துக்கொள்ள ஒரு ஆளாவது இருந்திருந்தால் லேசாக இருந்திருக்கும் என்று சில நாள் நினைத்ததுண்டு. இந்த முறையும் நீங்கள் தடுக்க மாட்டீர்கள், அது எனக்குத் தெரியும். விமான நிலையத்தில் முதல் ஆளாக என் முகத்தைத் தேடுவீர்கள், அதுவும் தெரியும்.

ஆகையால் நீங்கள் வாங்க வேண்டியது: பதினான்கு அங்குலம், திரைப் புள்ளி 1920க்கு 1200, கண்ணாடி போல நம் முகம் தெரியாத மங்கல் திரை. கடைக்காரர் பெரியதைக் காட்டினால் பார்க்காதீர்கள். கையில் தூக்கிப் பாருங்கள், பாரம் குறைந்ததாக எடுங்கள்.

திங்கட்கிழமை பஸ்லினாவுக்கு "வாறேன்" என்று சொல்லப் போகிறேன். ஜஹானாவுக்கும் சொல்லவில்லை, நானாவுக்கும் சொல்லவில்லை.

அல்லாஹ் உங்களை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். மூன்றாம் திகதி ஒரு நாள் லீவு கேட்டு எடுத்து விமான நிலையத்துக்கு வருவேன். மற்ற வேலை நாட்களில் சோறு மூடி வைத்திருப்பேன். பின்னேரம் ஐந்தரைக்கு ஏழாம் கட்டை பஸ் நிறுத்தத்தில் வந்து நில்லுங்கள், கண்டி பஸ்ஸிலிருந்து நான் இறங்குவேன். பையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். வீடு வரை நடந்தே போவோம்.

உங்கள்
றலியா