துக்க வருஷத்தில் மலை ஏறினோம்

என் அப்பாவுக்கு,

இன்று ஜனவரி 18, ஞாயிற்றுக்கிழமை, காலை 9.40. ஆள் இரண்டு: நானும் அம்மாவும். ஊர் விசாகப்பட்டினம். கடலை ஒட்டிய ஒரு மலை உச்சியில் உட்கார்ந்து இதை போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆமாம், மலைதான். நீங்கள் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை, அதுவரை மலை ஏறக்கூடாது, தெரியும். எல்லோரும் சொல்லியாகிவிட்டது. நீங்கள் வேறு ஆரம்பிக்காதீர்கள்.

ஆடியில் நீங்கள் போனதிலிருந்து அம்மா வாசல் தாண்டியது தண்ணீர் பிடிக்க மட்டும். அரியலூர் முழுக்கக் கரும்பும் மஞ்சள்கொத்தும் வந்து இறங்கியது. நம் வீட்டில் பொங்கல் இல்லை. எனக்கோ லீவு இருந்தது. டிக்கெட் போட்டுவிட்டேன். ரிட்டயர் ஆனதும் போகணும் என்று நீங்கள் போனில் திரும்பத் திரும்பப் பார்த்த நீர்மூழ்கிக் கப்பல் இந்த ஊர்க் கடற்கரையில்தானே மியூசியமாக நிற்கிறது?

விஷயம் தெரிந்து பெரியப்பா வந்தார்.

“துக்க வருஷத்துல ஊரு சுத்தவா போறீங்க?”

“அப்பா பாக்கணும்னு ஆசப்பட்ட எடம் பெரியப்பா.”

“அங்க மலை இருக்காம்ல. ஏறுனீங்கன்னு தெரிஞ்சுது, தலைத்திவசத்துக்குப் பங்காளி ஒருத்தன் உங்க வாசப்படிய மிதிக்க மாட்டான். பாத்துக்க.”

எத்தனை மீட்டர் உயர்ந்தால் மலை என்று கேட்டேன். “டிப்ளமா படிச்சவன்ல, அப்படித்தான் பேசுவ” என்றார். சரி, உங்களையே கேட்கிறேன். டம்பர் லாரி ரிப்பேருக்காகச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் காலமெல்லாம் இறங்கி ஏறினீர்கள். தாத்தா செத்த வருஷமும் ஏறினீர்கள். அதற்கு மட்டும் ஏன் யாரும் குறுக்கே நிற்கவில்லை?

அம்மா உள்ளே பையில் சேலை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

நேற்று கப்பலுக்குள் போனோம். இன்ஜின் ரூமில் குனிந்துதான் நிற்க வேண்டும், ஸ்பானரைத் திருப்ப இடமில்லை. திட்டிக்கொண்டே ரசித்திருப்பீர்கள். “உங்கப்பாவ இதுக்குள்ள விட்டா பொழுது சாஞ்சாலும் வெளிய வரமாட்டாரு. நாந்தான் வாசல்ல நிக்கணும்” என்றாள் அம்மா.

துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள் வரிசையாக நின்றன. “நம்மூரு சிமெண்ட் லாரி மாதிரி லோடுக்கு நிக்குதாடா?” என்று கேட்டாள். அதேதான் என்றேன்.

சாயங்காலம் மணலில் கிடந்த ஒரு சங்கை எடுத்தாள். கையில் தூக்கித் தூக்கிப் பார்த்தாள்.

“இது பிளாஸ்டிக்குடா. கனமே இல்ல.”

“நெஜச் சங்கும்மா.”

“போடா. உங்கப்பா கொண்டாந்தது எவ்ளோ கனம்.”

நீங்கள் சுரங்கத்திலிருந்து கொண்டுவந்து கதவுக்கு முட்டுக் கொடுத்த கல்சங்கைத்தான் சொல்கிறாள். நம் ஊர் கடலாக இருந்த காலத்துச் சங்கு, மண்ணுக்குள் கிடந்து கல்லானது. அரியலூர்க்காரிக்குச் சங்கென்றால் கல். முதல் தடவையாக ஒரு சங்கு அவள் கையில் லேசாக இருந்தது. அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

இன்று காலை இந்த மலை. மேலே பழைய புத்த மடத்தின் செங்கல் அடித்தளங்கள் இருக்கின்றன. அடிவாரத்தில் அம்மா தயங்கினாள். பெரியப்பா சொன்னது நினைவுக்கு வந்திருக்கும். நான் ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

“ஆட்டோதாம்மா ஏறுது. நாம உக்காந்துதான இருக்கோம். ஏறுன கணக்குல வராது.”

என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இந்தக் கள்ளத்தனம்லாம் வேணாம். போறதுன்னா நடந்தே போவோம். வா.”

நடந்தாள். இரண்டு இடத்தில் உட்கார்ந்தாள். வெயில் ஏறுது, சீக்கிரம் வா என்று அவசரப்படுத்தினேன். “நீ போ, மலை எங்கயும் ஓடிடாது” என்றாள்.

உச்சிக்கு வந்து மூச்சு வாங்கும்போது பெரியப்பாவின் போன். நான் கட் பண்ணப் போனேன். அம்மா பிடுங்கிக்கொண்டாள்.

“மலை மேல இருக்கேன் மாமா. நடந்தேதான் ஏறுனேன். காத்து நல்லா அடிக்குது.”

போனைத் திருப்பிக் கொடுத்தாள். “கட் ஆயிடுச்சு. டவர் இல்ல போல.”

டவர் முழுசாக இருந்தது அப்பா.

உங்கள் கூடப்பிறந்தவர் நிஜமாகவே வராமல் இருந்துவிடுவாரா? எனக்குத் தெரியவில்லை. இனி செய்யப்போவது மட்டும் தெரியும்:

1. ஊருக்கு வந்ததும் பெரியப்பா வீட்டுக்கு நேரில் போய்த் திவசத்துக்கு அழைப்பேன். ஒரு தடவை. மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

2. பங்காளிகள் வந்தாலும் வராவிட்டாலும் இலை போடுவேன். மைன்ஸில் உங்களோடு கிரீஸ் பூசிக்கொண்டவர்கள் உட்காருவார்கள்.

3. கதவோரக் கல்சங்குக்குப் பக்கத்தில் அம்மாவின் சங்கை வைப்பேன். காற்றில் உருண்டால் உருளட்டும்.

4. அடுத்த ஊரை அம்மா சொல்லட்டும். நான் டிக்கெட் மட்டும் போடுவேன். ஆட்டோ கூப்பிட மாட்டேன்.

அம்மா எழுந்துவிட்டாள். இறங்குகிறோம்.

நடந்தே ஏறியவளுக்கும் உங்களுக்கும் பிறந்த,
உங்கள் ஒரே பையன்